மிடற்றில் ஒரு பல்லி

மிடறு என்பது தமிழிலே மிக அழகான சொல். தொண்டைக்கும் அதுவே பெயர். ஒருமுறை விழுங்கும் நீருக்கும் அதுவே அளவு. "ஒரு மிடறு தண்ணீர் தாருங்கள்" என்று கேட்பவன் தன் உடம்பின் உறுப்பு ஒன்றையே அளவுபாத்திரமாக நீட்டுகிறான். தொல்காப்பியர் பிறப்பியலிலே எழுத்துக்கள் பிறக்கும் இடங்களை எண்ணுமிடத்துத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினைக் கூறியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சூத்திரத்தை மாணவருக்கு விளக்கி வந்தவன் நான். எழுத்தாகாத ஓர் ஒலியும் மிடற்றிலே பிறக்கக்கூடும் என்பதை எனக்குக் காட்டியது நூலும் அன்று, உரையும் அன்று. என் தொண்டையே காட்டியது.

1994 ஆம் ஆண்டு, மழை விட்ட ஒரு மாலைப்பொழுது. வடமராட்சியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்திலே பெரியம்மா ஒடியற்கூழ் காய்ச்சி இறக்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று நாலாண்டு ஆகியிருந்த காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். அன்று அந்த வானொலியும் ஓய்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருந்து, பனையோலைப் பிளாவை இரு கைகளாலும் ஏந்திக் கூழை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். கூழின் உறைப்பிலே எவரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குள் "டக்" என்று ஓர் ஒலி. சற்றுப் பொறுத்து மறுபடியும் "டக்". பெரியம்மா கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, பல்லி உன்ரை தொண்டைக்குள்ளையெல்லோ இருக்குது! நீ விழுங்க விழுங்கச் சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்துவிட்டு, பல்லி சொன்னால் செய்வதுபோலச் சுட்டுவிரலால் நிலத்தை மும்முறை தட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் எல்லோரும் கலைந்த பிறகு கைவிளக்கோடு என் அருகே வந்து, "நோகுதோ? சோறு இறங்குதோ?" என்று தாழ்ந்த குரலிலே அவர் கேட்டபோது, முற்றத்திலே அவர் சிரித்தது வெறுஞ் சிரிப்பன்று என்று தெரிந்துகொண்டேன். பெரியப்பாவைத் தொண்டைப் புற்றுநோய் கொண்டுபோய் அப்பொழுது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நோவு இல்லை, சோறும் இறங்கிற்று. ஒலி ஒன்றுதான். உணவை விழுங்குகையில் மெல்லியதாகவும், வெறும் உமிழ்நீரை விழுங்குகையில் உரத்தும் கேட்கும். இடப்பக்கம் முகத்தைத் திருப்பினால் இன்னும் உரக்கும். கழுத்திலே விரலை வைத்தால், தோலின் கீழே ஏதோ ஒன்று மேட்டைத் தாண்டித் துள்ளுவது தட்டுப்படும். விழித்திருக்கும் மனிதன் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை விழுங்குகிறான். உண்ணும்போது இன்னும் அடிக்கடி. ஆக, நாளொன்றுக்குப் பல நூறு தடவை இந்தப் பல்லி எனக்குச் சொன்னது. மின்சாரமற்ற அந்த நாட்களின் இரவுகள் எத்துணை நிசப்தமானவை என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவர். ஷெல் விழாத இரவிலே தென்னோலை உரசுவது கேட்கும். அடுத்த வீட்டுக் குழந்தை புரண்டு படுப்பது கேட்கும். அவற்றினும் உரக்க என் தொண்டை கேட்கும். விழுங்கக் கூடாதென்று எண்ணுவேன். எண்ணியவுடனே வாயில் உமிழ்நீர் சுரக்கும். விழுங்காமல் இருப்பதைவிடக் கடினமான தவம் ஒன்று உலகில் உண்டோ என்று நான் ஐயுற்றதுண்டு. நஞ்சைக் கண்டத்திலே நிறுத்தி, விழுங்காமலும் உமிழாமலும் இருந்த பெருமானின் அருமையை எனக்கு விளக்கியவை அந்த இரவுகளே.

பள்ளிக்கூடத்திலும் அது என்னை விடவில்லை. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள் ஒலி வரும் திசையைத் தேடித் தலை நிமிர்வார்கள். ஒரு தவணைக்குள் எனக்குப் "பல்லி மாஸ்ரர்" என்ற பட்டம் வந்துவிட்டது. மாணவர் இட்ட பட்டங்களில் அது மோசமானதன்று என்பதை ஆசிரியர்களாகிய வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள். என்னை வருத்தியது வேறொன்று. பந்தியில் இருந்து உண்பதை நான் சிறிது சிறிதாக விட்டுவிட்டேன். கல்யாண வீடுகளிலே பரிமாறுகிறவனாக நின்றுகொள்வேன். அந்தியேட்டி வீடுகளிலே எல்லோரும் உண்டு எழுந்த பிறகு அடுக்களைப் பக்கம் போய்த் தனியே உண்பேன். ஊரார் அதைப் பணிவென்று மெச்சினார்கள்! நோவு தராத ஒரு நோய் மனிதனைத் தனிமைப்படுத்தும் விதம் இது. நோவு இருந்தால் சொல்லி அழலாம். "தொண்டையிலே சத்தம் கேட்கிறது" என்பதை எந்த முகத்தோடு சொல்வது?

சொன்ன இடங்களிலும் பலன் இல்லை. சுக்கும் மிளகும் திப்பிலியும் தேனிலே குழைத்து மாதக்கணக்கில் உண்டேன். சளிக்கு நல்லது, ஒலி குறையவில்லை. கழுத்தை எண்ணெயிட்டு நீவிவிடும் ஒருவர், "எலும்பு விலகியிருக்கிறது, ஏற்றிவிடுகிறேன்" என்று அழுத்தியதிலே கண் இருண்டு பாயில் சாய்ந்தேன். கழுத்தின் இரு மருங்கும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் ஓடுகின்றன. அவற்றை அழுத்தினால் மயக்கம் வரும் என்பதை அன்று நான் அறியேன். அறிந்தபின் சொல்கிறேன்: தொண்டைச் சத்தத்துக்காகக் கழுத்தை எவரிடமும் பிசையக் கொடாதீர்கள். ஒரு டொக்டரோ வாயைத் திறக்கச் சொல்லி ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் மனம்தான், மாஸ்ரர். நித்திரைக் குளிசை தாறன்" என்றார். பக்கத்திலிருந்த என் மனைவிக்கு அந்த ஒலி நன்றாகக் கேட்டது. என் மனம் எப்படி அவள் காதிலே ஒலிக்கும்?

தொண்டையைப் பற்றிய முறைப்பாடுகளை மனத்தின் மேல் ஏற்றிவிடுவது மருத்துவத்திலே நெடுநாட் பழக்கம். தொண்டையில் ஓர் உருண்டை நிற்பதுபோன்ற உணர்வை மேலைநாட்டு மருத்துவர் பல நூற்றாண்டுகளாக ஹிஸ்டீரியா உருண்டை என்றே வழங்கினர். பெண்களின் மனக்கோளாறு என்று அதனை ஒதுக்கினர். 1968 ஆம் ஆண்டில் மல்கம்சன் என்ற மருத்துவர்தாம், இவ்வுணர்வுடையோர் பலர் ஹிஸ்டீரியாக்காரர் அல்லர் எனக் கண்டு, அப்பெயரை நீக்கித் தொண்டை உருண்டை என்ற பொருள்படும் பெயரை இட்டார். இரைப்பையின் அமிலம் மேலே எழுவதும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்று இன்று கருதுகிறார்கள். அது வேறு, என் பல்லி வேறு. எனினும் இரண்டுக்கும் கிடைத்த அவமரியாதை ஒன்றே.

இனி, அந்தப் பல்லி இருக்கும் இடத்தைச் சொல்லவேண்டும். அதற்கு முன் விழுங்குதல் என்னும் செயலைச் சொல்லவேண்டும். நாம் சோற்றைத் தொண்டைக்குள் போட்டால் அது கிணற்றில் விழும் வாளிபோல விழுகிறது என்று நினைக்கிறோம். அப்படியானால் தலைகீழாக நின்று எவராலும் விழுங்க முடியாது; முடிகிறதே! மூச்சும் உணவும் தொண்டையில் ஒரே வழியிலே வந்து, அதன்பின் பிரிகின்றன. முன்னாலே இருப்பது காற்றுப் போகும் வாதனாளி; பின்னாலே இருப்பது உணவு போகும் களம். முன்வாசல் எப்போதும் திறந்திருக்கும். பின்வாசல் எப்போதும் சாத்தியிருக்கும். விழுங்கும் கணத்தில் மட்டும் இது தலைகீழாக மாறவேண்டும். நாக்கு உணவைப் பின்னே தள்ளியவுடன் மூச்சு நிற்கிறது. மெல்லண்ணம் எழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை முழுவதும் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் மேலும் முன்னுமாகத் தூக்கப்படுகிறது. குரல்நாண்கள் ஒன்றையொன்று தழுவ, மூச்சுக்குழல்வாய்மூடி அவற்றின்மேல் கவிகிறது. பின்வாசல் திறந்து உணவு உள்ளே போகிறது. மீண்டும் எல்லாம் பழைய நிலைக்கு வருகின்றன. முப்பதுக்கு மேற்பட்ட தசைகளும் மூளையிலிருந்து புறப்படும் ஐந்து சோடி நரம்புகளும் சேர்ந்து செய்யும் இந்த வேலை, தொண்டையளவில் ஏறக்குறைய ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. வாய், தொண்டை, களம் என்று விழுங்குதலை மூன்று படிகளாகப் பகுத்துக் காட்டியவர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மஜந்தி என்னும் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர். முதற்படி நம் விருப்பத்துக்கு உட்பட்டது. இரண்டாம் படி தொடங்கிவிட்டால் அரசனாயினும் நிறுத்த முடியாது.

இவ்வளவு பெரிய இயந்திரம் ஓசையின்றி ஓடுமா? ஓடாது. இதயவொலி கேட்கும் குழாயைக் கழுத்தின்மேல் வைத்து ஒருவரை விழுங்கச் சொன்னால், நலமுள்ள தொண்டையிலும் இரண்டு சொடுக்கொலிகளும் அவற்றைத் தொடர்ந்து மூச்சு வெளிவரும் ஓசையும் கேட்கும். விழுங்குவோரின் தொண்டையை இவ்வாறு காதாலேயே ஆராயும் முறை இன்றும் உண்டு. காதிலும் ஒரு சிறு ஒலி உண்டாகும். தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் ஊத்தேக்கியாவின் குழாய் விழுங்கும்போது திறப்பதனால் எழும் 'டிக்' என்ற ஒலி அது. பெரும்பாலும் உரியவருக்கு மாத்திரமே கேட்கும். தாடை மூட்டிலே சொடுக்குவதும் உண்டு. அது மெல்லும்போது கேட்கும், கையைச் செவியின் முன்னே வைத்தால் தட்டுப்படும். இவையெல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

என்னுடையது குரல்வளையிலே பிறந்தது. நாக்கின் அடியிலே, லாடம்போல வளைந்த சிறிய எலும்பு ஒன்று இருக்கிறது. நாவடி எலும்பு என்று அதனைச் சொல்லலாம். உடம்பிலுள்ள மற்றை எலும்புகளெல்லாம் ஒன்றோடொன்று உறவு கொண்டாட, இது மட்டும் எந்த எலும்போடும் மூட்டுக்கொள்ளாமல் தசைகளிலும் நார்களிலும் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. அதன் கீழே, ஆண்களுக்குக் கழுத்தில் மேடாகத் தெரியும் கேடயவடிவக் கசியிழையம். இதன் பின்னோரங்களிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொம்புகள் மேல்நோக்கி எழுகின்றன. நாவடி எலும்பின் கொம்புகளோ பின்னோக்கி நீள்கின்றன. விழுங்கும்போது கீழுள்ளது மேலே ஏறி மேலுள்ளதை நெருங்குகிறது. கொம்பொன்று இயல்பைவிட நீண்டோ உட்புறம் வளைந்தோ இருந்தால், ஏறும்போது நாவடி எலும்பிலோ கழுத்து முள்ளந்தண்டின் முன்புறத்திலோ தட்டித் தாண்டுகிறது. அந்தத் தாண்டல்தான் என் பல்லி. முதுமையிலே கசியிழையம் எலும்பாக இறுகுவதும் உண்டு. இறுகியது மென்மையாக வளைந்துகொடாது. செவியின் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோலக் கீழிறங்கும் எலும்பு ஒன்று நீண்டுவிடுவதாலும் தொண்டையில் தொல்லை வரும். இதனை 1937 இல் அமெரிக்க மருத்துவர் ஈகிள் விவரித்தார். அவர் பெயராலேயே அந்நோய் வழங்குகிறது. ஆனால் அதிலே ஒலியைவிட நோவே முந்தி நிற்கும்.

இவற்றையெல்லாம் தமிழிலே சொல்லமுடிகிறதே என்று எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. அது என் சொந்த முதலன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர், 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் உடற்கூற்று நூலைத் தமிழிலே வெளிவரச் செய்தார். அவ்வளவு முன்னரே எலும்புகளுக்கும் நரம்புகளுக்கும் தமிழ்ப்பெயர் பெற்றுவிட்ட ஒரு சமூகத்திலே, நோயாளிக்கு அவனுடைய தொண்டையைப் படம் வரைந்து நாலு வார்த்தை தமிழில் விளக்க ஆளில்லாமல் ஒன்பது ஆண்டுகள் அலைந்தேன் என்பதை நினைக்கச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

விளக்கியவரைக் கடைசியில் கொழும்பிலே கண்டேன். 2003 ஆம் ஆண்டு. ஏ-9 பாதை திறந்திருந்த காலம். காது மூக்கு தொண்டைச் சத்திர வைத்தியர், வயதானவர், அவசரமில்லாதவர். என்னை இருத்தி, ஒரு கோப்பை தண்ணீரைக் கையில் தந்து, கண்ணை மூடிக்கொண்டு நான் விழுங்குவதைக் கேட்டார். பத்து முறை கேட்டிருப்பார். பிறகு இரண்டு விரல்களைக் கழுத்தின் இடப்பக்கத்தில் வைத்துக் குரல்வளையை மெல்ல வலப்புறம் ஒதுக்கி, "இப்ப விழுங்குங்கோ" என்றார். விழுங்கினேன்.

ஒலி இல்லை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் தொண்டை முதன்முறையாக மௌனமாயிருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. கையை எடுத்தார்; பல்லி மறுபடியும் சொல்லிற்று. "மாஸ்ரர், எப்பவாவது கழுத்திலை அடிபட்டதோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. 1993 இல் ஒருநாள் இரவு, விளக்கில்லாத சைக்கிளிலே வந்து, ஒழுங்கை முடக்கில் கிடந்த மரக்குற்றியில் மோதி, கைபிடி தொண்டையில் இடிக்க விழுந்தேன். இரண்டு நாள் குரல் கட்டியது. அந்த நாட்களில் அதுவெல்லாம் ஒரு காயமா என்று மறந்தே போனேன். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுக் குரல்நாண்களைப் பார்த்தார், அவை நன்றாயிருந்தன. சீ.ரி. ஸ்கான் எடுத்ததில், இடக்கொம்பு உட்புறமாக வளைந்து முள்ளந்தண்டை நோக்கி நின்றது தெரிந்தது.

அத்துடன் விடாமல் அவர் இன்னொன்றும் செய்தார். என் குரல்வளையைப் பிடித்துப் பக்கவாட்டிலே அங்குமிங்கும் அசைத்தார். உள்ளே நெறுநெறுவென்றது. நான் திடுக்கிட்டேன். அவர் சிரித்து, "இது எல்லாருக்கும் இருக்க வேணும். இது கேக்காட்டித்தான் நான் பயப்பிடுவன்" என்றார். குரல்வளை முள்ளந்தண்டின்மேல் உராய்வதனால் எழும் இயல்பான நெறுநெறுப்பு அது. இரண்டுக்கும் நடுவே, தொண்டையின் அடியில் ஒரு கட்டி வளர்ந்து மெத்தைபோல இடையில் நின்றால் அந்த நெறுநெறுப்பு மறைந்துவிடும். தேர்ந்த வைத்தியரின் விரல்கள் தேடுவது ஒலியை அன்று, ஒலி இல்லாமையை.

அந்த அறையிலே எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்தது. ஊர்க் கோயிலிலே கந்தபுராணப் படிப்பென்றால் படிப்பவர் அவர். பயன் சொல்ல எவர் வந்தாலும், பெரியப்பாவின் குரலுக்காகவே சனம் கூடும். வாயிலே எந்நேரமும் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இருக்கும். ஏடு விரிக்கும்போது மட்டும் கொப்பளித்துவிட்டு இருப்பார். 1977 இல் அந்தக் குரல் கம்மத் தொடங்கிற்று. பனி என்றார்கள். மாதங்கள் போயின. ஒரு பக்கத்துக் காது குத்துகிறதென்று சொன்னார். நல்லெண்ணெய் காய்ச்சி விட்டார்கள். காதுக்கும் தொண்டைக்கும் பொதுவான நரம்புகள் இருத்தலால், தொண்டையின் நோவு காதிலே தோன்றக்கூடும் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறினார், பசியில்லை என்றார். உடம்பு மெலிந்தது, விரதம் பிடிக்கிறார் என்றோம். அவருடைய தொண்டையிலே பல்லி சொல்லவில்லை. அது ஓசையேயின்றி, எவரையும் எழுப்பாமல், தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. 1978 சித்திரைக்கு அவர் இல்லை.

வெற்றிலை தாம்பூலம் நம் பண்பாட்டின் மங்கலப் பொருள். அதனைப் பழிப்பது எனக்கு உவப்பன்று. ஆயினும் புகையிலையோடு சேர்ந்த தாம்பூலம் மட்டுமன்றிப் பாக்குத் தனியேயும் புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. ஆகவே, மூன்று கிழமைக்கு மேல் நீடிக்கும் குரற் கம்மல், விழுங்க முடியாமை அல்லது விழுங்கும்போது நோவு, ஒரு பக்கக் காதுக்குத்து, கழுத்திலே கட்டி, உமிழ்நீரில் இரத்தம், காரணமற்ற மெலிவு ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும், தொண்டை சொடுக்கினாலும் சொடுக்காவிட்டாலும், உடனே வைத்தியரிடம் போகவேண்டும். இதை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் என்றாலும் பிழையில்லை.

என் காரியத்துக்கு வருகிறேன். மருந்தாலே கொம்பு கரையாது. ஒலி மட்டும் உண்டு, நோவு இல்லையெனில், காரணத்தை விளக்கிப் பயத்தை நீக்குவதே முதற் சிகிச்சை. பலருக்கு அதுவே போதும் என்றார் வைத்தியர். நோவும் சேர்ந்து வாழ்க்கையை வருத்தினால் சத்திர சிகிச்சை உண்டு: கழுத்திலே சிறு கீறலிட்டு, தட்டுகின்ற கொம்பைக் கண்டு, தேவையான அளவு வெட்டி நீக்குவது. சில சத்திர வைத்தியர்கள் அவ்விடத்தை மட்டும் விறைக்கச்செய்து, நோயாளி விழித்திருக்கவே இதனைச் செய்வதுண்டு; வெட்டியபின் மேசையில் கிடந்தபடியே அவரை விழுங்கச் சொல்லி, ஒலி போய்விட்டதா என்று கேட்டுத் தெளிவார்கள். என் பழைய மாணவர் ஒருவர், இப்போது ரொறொன்ரோவில் இருப்பவர், இதே தொல்லைக்கு இதே சிகிச்சையைச் செய்வித்துக்கொண்டார். அவருக்கு நோவும் இருந்தது. ஒலியும் நோவும் ஒருங்கே போயின. "மாஸ்ரர், நீங்களும் செய்விச்சிருக்கலாம்" என்று தொலைபேசியிலே இன்றும் சொல்வார்.

நான் செய்விக்கவில்லை. அந்தக் கொம்பின் அருகே குரல்வளையின் மேல் நரம்பு ஓடுகிறது. அதன் ஒரு கிளை தொண்டைக்கு உணர்ச்சி தருவது. இன்னொன்று குரல்நாணை இழுத்துச் சுருதியை ஏற்றுவது. தேர்ந்த கையிலே அதற்குச் சேதம் வருவது அரிது என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். அரிது என்பதை இல்லை என்று பொருள்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். உலகப் புகழ்பெற்ற பாடகி கல்லி-குர்ச்சிக்கு 1935 இல் கழுத்துக் கழலைக்குச் சத்திரம் செய்தார்கள். பழைய குரல் அதன்பின் அவருக்கு மீளவில்லை. இந்த நரம்பு அறுபட்டதே காரணம் என்று நெடுங்காலம் மருத்துவ மாணவர்களுக்குக் கதை சொல்லப்பட்டது. அக்கதை பிழையென்று மறுத்தவர்களும் உண்டு. நான் பாடகன் அல்லன். ஆனால் எனக்கு அப்போது இன்னும் எட்டு ஆண்டுச் சேவை இருந்தது; நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே, செய்யுளை அதன் ஓசையோடு படித்துக்காட்டுவதற்கு இந்தக் குரல் ஒன்றே எனக்குக் கருவி. நோவில்லாத ஒலியைப் போக்கக் குரலைப் பணயம் வைக்க மனம் வரவில்லை. உயிருள்ள மனிதனின் குரல்நாண்கள் இயங்குவதை 1854 இல் கண்ணாடியும் சூரிய ஒளியும் கொண்டு தன் தொண்டைக்குள்ளேயே கண்டவர் மானுவல் கார்சியா. அவர் வைத்தியர் அல்லர், பாட்டு வாத்தியார். 101 ஆண்டுகள் வாழ்ந்தார். வாத்தியார்மார் தொண்டையைக் கவனிக்கும் முறையே வேறு.

பல்லியோடு வாழப் பழகினேன். சிறு சிறு மிடறாகக் குடிப்பேன். முகத்தைச் சற்று வலப்புறம் திருப்பி விழுங்கினால் எனக்கு ஒலி தணியும். தொண்டை வறளவிடேன். சோதித்துப் பார்ப்பதற்காக வீணே உமிழ்நீரை விழுங்கும் கெட்ட பழக்கத்தை விட்டேன். அதை விடுவதற்கு ஓராண்டு ஆயிற்று. நினைத்து நினைத்து விழுங்குபவனுக்குத் தசைகள் இறுகி ஒலி பெருகும், ஒலி பெருகப் பெருகக் கவனமும் பெருகும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது எனக்கு அது ஒருநாளும் கேட்டதில்லை. முதல் வேலையாகப் பந்திக்குத் திரும்பினேன். ஒரு கல்யாண வீட்டிலே பக்கத்திலிருந்த சிறுவன் நிமிர்ந்து பார்த்தபோது, "என்ரை கழுத்திலை ஒரு கொம்பு இருக்குது, அது கதவிலை தட்டுது" என்றேன். தொட்டுப் பார்க்கக் கேட்டான். தொட்டான். அவனுக்கு அன்று அதுவே விருந்து.

கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய அன்று இரவே பெரியம்மாவிடம் போனேன். அப்போது அவருக்கு எண்பத்தொன்று, பார்வை மங்கியிருந்தது, செவி நன்றாயிருந்தது. ஸ்கான் படத்தை விளக்கொளியிலே பிடித்து, கொம்பையும் எலும்பையும் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய்ச் செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"குடி."

குடித்தேன். என் தோளைப் பிடித்துக் குனிந்து, செவியைக் கழுத்தோடு வைத்துக் கேட்டார். செம்பு முடியும்வரை அப்படியே நின்றார்.

"சொல்லுது" என்றார். வெறுஞ் செம்பை வாங்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி அடுக்களைக்குள் போனார்.